கரவனின் முன்காலுக்கு நான் பூட்டிய மோட்டார்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் தொலைபேசியில் பழைய கதை ஒன்றைச் சொல்லிவிட்டு இப்படிக் கேட்டாள். "அப்பா, அண்டைக்கு டொக்டரிட்டை நான் அம்மாவின்ர கையைப் பற்றிச் சொல்லியிருந்தா, அம்மா இப்ப இருந்திருப்பாவோ?"

அடுப்பில் சோறு கிடக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. அவ்வளவு வருஷமாக அவள் இதை மனதுக்குள் வைத்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இளையவளும் வாசிக்க வேண்டும்.

கேட்டதற்குப் பதில், இல்லை. நீ சொல்லியிருந்தாலும் அம்மா இருந்திருக்க மாட்டார். ஆனால் வெறுமனே இல்லை என்றால் நீ நம்பமாட்டாய் என்று தெரியும். அப்பா என்னைத் தேற்றச் சொல்கிறார் என்பாய். ஆகவே கரவனின் முன்காலுக்கு நான் மோட்டார் பூட்டியதை முழுவதுமாகச் சொல்கிறேன். அதற்குள்தான் பதில் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்த நாட்டில் நான் அதிகம் எழுதியது படிவங்களில்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரவன் வாங்கியது அம்மாவின் யோசனை. காரின் பின்னால் இழுத்துப் போகிற அந்தச் சில்லு வீட்டை ஜேர்மன்காரர் வோன்வாகன் என்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு விசா ஒழுங்காகி, நாங்கள் இருந்த கெல்சென்கிர்ச்சன் நகரத்தை விட்டு வெளியே போக யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று வந்தபிறகு, ஒவ்வோர் ஆவணி மாதமும் கேவலார் மாதா கோவிலுக்குப் போவோம். எங்கள் கத்தோலிக்கச் சனம் எல்லாம் அன்றைக்கு அங்கேதான் நிற்கும். காலையில் பஸ்ஸில் ஏறி, பூசை கண்டு, சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துத் தின்று, பின்னேரம் திரும்புவோம். மன்னாரில் பிறந்த அம்மாவுக்கு அது காணாது.

"மடு மாதா கோவிலிலை எண்டால் கொட்டில் போட்டு ஒன்பது நாளும் கிடப்பம். இஞ்சை என்னெண்டால் மாதாவுக்குக் கை காட்டிப்போட்டு ஓடி வாறம். அவ என்ன, பஸ் ஸ்டாண்டிலையோ நிக்கிறா?" என்றார்.

"இந்த நாட்டிலை கொட்டில் போட விடுவாங்களோ?" என்றேன் நான்.

"சில்லு வைச்ச கொட்டில் இருக்குதுதானே. இந்தச் சனம் கோடையிலை இழுத்துக்கொண்டு போகுது. கண்டனீங்கள்தானே."

அப்படித்தான் நான் வேலை செய்த பட்டறையில் ஓய்வுபெற்றுப் போன ஒருவரின் தோட்டத்தில், செர்ரி மரத்துக்குக் கீழே நின்ற ஒரு பழைய கரவன் எங்களிடம் வந்தது. எனக்கும் அதற்கும் வயது அதிகம் வித்தியாசமில்லை. முட்டை மாதிரி உருண்ட உடம்பு, மண்நிறத் திரைச்சீலை, உள்ளே பழைய பலகை வாசம். பங்குத்தந்தை அதைக் கோவில் மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்த இடம் தந்தார். கேவலாரில் ஒரு விவசாயி, அறுத்த புல்வெளியில் நிற்க விட்டார். கோவிலுக்கு நடந்து போகிற தூரம். முதல் வருஷம் நான்கு நாள் தங்கினோம். அம்மா புல்லின்மேல் பாய் விரித்து, ஒரு காஸ் அடுப்பில் முழு உறவினருக்கும் கோழிக்கறி வைத்தார். அந்த நான்கு நாளும் அவர் தன் வாழ்க்கையை யாருடைய வாழ்க்கையோடும் ஒப்பிட்டுப் பேசவில்லை. அதை நான் கவனித்தேன்.

இப்போது முன்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரவனுக்கு முன்னால் ஓர் இரும்புக் கை நீண்டிருக்கும். அதன் நுனியில் உள்ள கிண்ணம்தான் காரின் பின்னால் இருக்கிற இரும்புப் பந்தில் போய் உட்காரும். காரைக் கழற்றினால் கரவன் மூக்குக் குப்புற விழாமல் அந்தக் கையைத் தாங்க ஒரு கால் வேண்டும். எங்களுடையதில் அது ஒரு குழாய், அடியில் சின்னச் சில்லு, உச்சியில் சுழற்றுகிற கைபிடி. வலப்பக்கம் சுழற்றினால் கால் கீழே இறங்கி, கரவனின் மூக்கு மேலே எழும்பும். கிண்ணம் பந்தை விட்டதும் நான் காரை முன்னே எடுப்பேன்.

கார் ஓட்டுவது என் வேலை, முன்கால் அம்மாவின் வேலை. அவரிடம் ஓட்டும் பத்திரம் இல்லை. அதனாலேயே அந்தக் கைபிடியை வேறொருவரைத் தொட விடமாட்டார். நான் இறங்கி உதவப் போனால், "என்ர இடத்துக்கு வராதேங்கோ. நான் வந்து ஸ்டேரிங்கைப் பிடிக்கிறனானே?" என்பார்.

சுழற்றும்போது அம்மா 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லுவார். பக்தி என்று சொல்லவும் முடியாது, கணக்கு என்று சொல்லவும் முடியாது. இரண்டும் கலந்தது. பத்துச் சுற்றுக்கு ஒரு மந்திரம். நான்கு மந்திரத்தில் கிண்ணம் பந்தை விடும். நான் கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு கேட்டபடி இருப்பேன். நான்காவது மந்திரத்தின் ஆமென் வந்ததும் கியரைப் போடுவேன். அவர் "எடுங்கோ" என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் வேறு சைகையும் இருக்கவில்லை.

மூன்றாவது கோடையில் அது ஐந்து மந்திரமாயிற்று. நான் நான்காவதில் கியரைப் போட்டு, கரவன் ஒருமுறை கிறீச்சிட்டது. "அவசரப்படாதேங்கோ!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அடுத்த கோடையில் ஏழு. பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த எங்கள் நகரத்துத் தம்பி ஒருவர் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன அண்ணை, அக்கா முழுச் செபமாலையும் சொல்லி முடிச்சுத்தான் வண்டியை நிலத்திலை விடுவாவோ? பூசை தொடங்கப் போகுது!"

"அவவுக்கு இப்ப பக்தி கூடிப்போச்சு தம்பி. எங்களை மாதிரியே?" என்றேன்.

சிரித்தோம். அம்மா அங்கேதான் நின்றார். இரண்டு கையையும் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிள்ளைகளே, நான் அதை உண்மையிலேயே நம்பினேன். பகிடிக்காகச் சொன்னதில்லை. நாட்டில் சண்டை, மன்னாரிலிருந்து கடிதம் வருவதில்லை, அம்மாவுடைய சகோதரம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஒரு பெண் கூடுதலாகச் செபிக்க இவ்வளவும் போதாதா? ஒரு மந்திரத்துக்குப் பத்துச் சுற்று என்பது ஆறு சுற்றாய்க் குறைந்திருந்ததை நான் எண்ணவில்லை. மந்திரத்தை மட்டும் எண்ணினேன்.

அந்த முறை வீடு திரும்பியதும் அம்மா சொன்னார், "இஞ்சாருங்கோ, அந்தக் கைபிடி இறுகிப்போச்சுது."

"கிறீஸ் பூசிவிடுறன்."

பூசினேன். பூசிவிட்டு நானே சுழற்றிப் பார்த்தேன். சுலபமாகச் சுழன்றது. ஆம்பிளைக் கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வசந்தத்தில் கரவனைக் கழுவுவதற்காக ஒருமுறை இடம் மாற்றினோம். அம்மா இடையில் மூன்று தரம் நின்று மூச்சு விட்டார்.

"இன்னும் இறுக்கமோ?"

"ஓமப்பா. பழைய சாமான்தானே. அதுக்கும் வயசு போச்சுது."

அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். அம்மாவுக்கு இனிக் கைபிடியே வேண்டாம், பொத்தான் போதும் என்று.

கால்வாய்க் கரையில் இருந்த பழைய இரும்புக்காரரிடம், தெற்கே ஓர் அமெரிக்கப் படை முகாம் மூடியபோது விட்டுப்போன கரவன் ஒன்று கிடந்தது. லொறி மாதிரிப் பெரியது. அதன் முன்கால் மின்சாரத்தில் ஓடுவது. உச்சியில் ஒரு மோட்டார்ப் பெட்டி, கீழே தடித்த குழாய், அடியில் சில்லுக்குப் பதிலாகத் தட்டையான பாதம். பன்னிரண்டு வோல்ட், கார் பற்றறி ஒன்றைக் கரவனுக்குள் வைத்தாலே போதும். பொத்தான் மட்டும் உடைந்திருந்தது. ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். குழந்தையை விடப் பாரம்.

பொருத்துவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. எங்கள் கரவனின் முன்கை இரண்டு இரும்பு, மூக்கில் வந்து சேருகிற மாதிரி. அமெரிக்கனின் கால் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். முன்கையில் துளை போட்டாலோ, ஒட்டினாலோ வாகனப் பரிசோதனையில் விடமாட்டார்கள். ஆகவே பட்டறையில் எட்டு மில்லிமீற்றர்த் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் குழாய் போகப் பெரிய துளையும், சுற்றிவர மூன்று ஆணித் துளையும் போட்டேன். தகட்டை இரண்டு இரும்பின்மேலும் கிடத்தி, லாட வடிவ ஆணிகளால் கீழிருந்து இறுக்கினேன். முன்கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அமெரிக்கன் ஆணிகள் அங்குலக் கணக்கு, எங்களிடம் இருந்தவை மில்லிமீற்றர். அதற்கு ஒரு சனிக்கிழமை போயிற்று.

மோட்டார் ஒரு பக்கம் சுழன்றால் கால் இறங்கும், மறுபக்கம் சுழன்றால் ஏறும். அதற்கு வயரை எப்படி மாற்றிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் மின்வேலை பார்த்த போலந்துக்காரர், பாண் சுற்றி வந்த கடதாசிப் பையின் பின்பக்கத்தில் படம் கீறித் தந்தார். எங்கள் இருவருடைய ஜேர்மனும் சமமாக மோசம், அதனால் நன்றாக விளங்கும்.

"மனைவிக்காகவா இவ்வளவு?" என்று கேட்டார்.

"ஓம், மனைவிக்கு."

"இதை என் வீட்டில் சொல்லிவிடாதே. நான் அவளுக்கு ஒரு பல்ப் மாற்றிக் கொடுக்கவே ஆறு மாதம் எடுப்பேன்."

பொத்தானை எங்கே வைப்பது என்று நிறைய யோசித்தேன். மழை படக்கூடாது. காஸ் சிலிண்டர் வைக்கிற பெட்டி கரவனின் முன்னால் இருக்கும். அதன் மூடி சற்று வெளியே நீண்டு நிற்கும். அந்த நீட்டுக்கு அடியில், கீழாக, ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு பொத்தான் வைத்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. அமத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது என்று போலந்துக்காரர் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்த இடம். ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது.

கழற்றிய பழைய காலை மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மேசையில் கிடத்தி, எங்கே இறுகியிருக்கிறது என்று பார்க்கக் கைபிடியை இரண்டு விரலால் சுழற்றினேன். தங்குதடையில்லாமல் சுழன்றது. புரி எல்லாம் பளபளவென்று இருந்தது, என் கிறீஸ் அப்படியே. பாரம் இல்லாதபடியால் சுழல்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைச் சாக்கில் சுற்றி வைத்தேன். மூத்தவளே, நீ அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்று கேட்கிறாய். உன்னிடம் ஒரு சொல்தான் இருந்தது. என்னிடம் அந்த இரும்பே இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டும் நான் பார்க்கவில்லை.

ஓடவிட்டுப் பார்க்கிற நாள் நீங்கள் இருவரும் வந்திருந்தீர்கள். நான் முன்கைக்கு அடியில் மல்லாக்கக் கிடந்தேன். அம்மா பிளாஸ்கில் தேநீர் கொண்டு வந்தார். வலது கையை இடது கக்கத்துக்குள் செருகிக்கொண்டு நின்றார். குளிர்தானே என்று நினைத்தேன். பங்குனிக் கடைசி, இந்த நாட்டில் இன்னும் குளிர் விடவில்லை.

"இஞ்சாருங்கோ, உங்களிட்டை ஒண்டு சொல்லோணும்" என்றார்.

"பொறும், பொறும். முதல் இதைப் பாரும்."

பொத்தானை அமத்தினேன். மோட்டார் உறுமியது. கால் அசையவில்லை. திரும்பவும் அமத்தினேன். உறுமல்தான். இளையவள் "அப்பா, புலி!" என்று கத்தினாள். ஒரு மணித்தியாலம் ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் தெரிந்தது, இரும்போடு இறுக்கிய வயர் பெயின்றுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. பெயின்றைச் சுரண்டவில்லை. மின்சாரம் திரும்பிப் போகப் போதிய வழியில்லை. சுரண்டி, மினுக்கி, மறுபடி இறுக்கி அமத்தினேன். கால் இறங்கியது. கரவன் மெதுவாக மூக்கைத் தூக்கியது. நீங்கள் கை தட்டினீர்கள். நான் நிலத்தில் கிடந்தபடி சிரித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இப்ப நீர் அமத்தும்" என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா குனிந்து இடது பெருவிரலால் அமத்தினார். மற்றக் கை கக்கத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு மந்திரம் முடிவதற்குள் வேலை முடிந்தது.

"எப்பிடி?"

"இனி என்ர மந்திரத்தையும் இதுவே சொல்லுமோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "ஏதோ சொல்லோணும் எண்டனீர்?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி ஆறிப்போகுது எண்டு சொல்ல வந்தனான்."

அந்தக் கோடையில் கேவலாரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கூடாரத் தம்பி, "அண்ணை, அக்காவுக்கு றிமோட்டும் வைச்சுக் குடுங்கோ, வீட்டிலையிருந்து இறக்குவா" என்றார். நான் காரில் இருந்தபடி கண்ணாடியில் பார்ப்பேன். காருக்கும் கரவனுக்கும் நடுவில் அம்மாவின் தலைமுடி தெரியும், பிறகு தெரியாது. மோட்டார் ஓடும், நிற்கும். நான் காரை எடுப்பேன். செபத்தின் சத்தம் இல்லை. அம்மாவின் கையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதை நானே கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டேன்.

இனி டொக்டரிடம் போன நாள். அந்த இலையுதிர் காலம் அம்மாவுக்கு வயிற்று நோ. டொக்டரைப் பார்க்க டெர்மின், அதுதான் நேரம், எடுத்தது நான், கூட்டிக்கொண்டு போனது நீ. மூத்தவளே, உனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் காலம் எங்கள் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைதான் டொக்டருக்கும் தாய்க்கும் நடுவில் இருந்து மொழிபெயர்க்கும். எனக்கு வேலை என்று சொன்னேன். உண்மையில் எனக்கு அங்கே வாய் திறக்க வெட்கம். என் வெட்கத்தை நான் உன்னிடம் கொடுத்து அனுப்பினேன்.

படியில் ஏறும்போது அம்மாவின் கையிலிருந்து காப்புறுதி அட்டை விழுந்ததாகவும், நீ எடுத்துக் கொடுத்ததாகவும், "கையைப் பற்றி ஒண்டும் சொல்லாதை பிள்ளை, அது குளிருக்கு" என்று அம்மா சொன்னதாகவும் நீ போன ஞாயிறு தொலைபேசியில்தான் எனக்குச் சொன்னாய். நீ சொல்லவில்லை. தாய் சொன்னதைப் பிள்ளை கேட்டது. அதில் பிழை எங்கே இருக்கிறது? கையைப் பற்றிச் சொல்லாதே என்று ஒரு தாய் தன் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், பக்கத்தில் நிற்க வேண்டியவன் நிற்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

மார்கழியில் இளையவள் கோட்டுப் பொத்தான் பூட்டாமல் பள்ளிக்கூடம் போகிறாள் என்று ஆசிரியை குறிப்பு எழுதி அனுப்பினார். அம்மாவைக் கேட்டேன். கோட்டை எடுத்து மடியில் வைத்துப் பூட்டிக் காட்டப் பார்த்தார். விரல்கள் பொத்தானைச் சுற்றிச் சுற்றிப் போயின. பிடிக்கவில்லை.

அதற்குப்பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. வீட்டு டொக்டர், அவரிடமிருந்து பக்கத்து நகரத்துப் பெரிய ஆசுப்பத்திரி, ஒரு கிழமைப் பரிசோதனை. அங்கே தமிழ்நாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவர் தாதியாக இருந்தார். இந்த முறை நான் உன்னை வாசலுக்கு வெளியே இருத்தினேன். டொக்டர் ஒரு நீளமான பெயரைச் சொன்னார். தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய், மருந்தில்லை. நான் கேட்டேன், முன்னமே வந்திருந்தால் என்று. கன்னியாஸ்திரி கேட்டுச் சொன்னார்.

"இல்லீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பாராம். இதை நிறுத்த யாராலயும் முடியாதாம். உங்க மேல தப்பில்லன்னு சொல்லச் சொல்றார்."

மூத்தவளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். டொக்டரின் வாயிலிருந்து வந்து, நான் என் காதால் கேட்டது. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ இப்படி ஒன்றைச் சுமக்கிறாய் என்று எனக்கு எண்ணம் வரவில்லை. நான் என்னுடையதில் மூழ்கிக் கிடந்தேன்.

என்னுடையது என்னவென்றால், அந்தப் பின்னேரம் ஆசுப்பத்திரிச் சிற்றுண்டிச்சாலையில் அம்மாவுக்கு முன்னால் இருந்து கேட்டேன், "எப்ப தொடங்கினது?"

"கைபிடி இறுகேல்லையப்பா" என்றார் அம்மா. "என்ர கைதான். எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். பிளாஸ்கோடை வந்தன், தெரியுமே? நீங்கள் கீழை கிடந்து சிரிச்சியள். முகம் முழுக்கக் கிறீஸ். இந்த நாட்டுக்கு வந்ததுக்குப் பிறகு நீங்கள் அப்பிடிச் சிரிச்சு நான் பாக்கேல்லை. பிள்ளையள் கை தட்டுதுகள்." அம்மா கோப்பையை இரண்டு மணிக்கட்டாலும் பிடித்து என் பக்கம் தள்ளினார். "அந்த நேரம் என்னெண்டு சொல்லுறது, நீங்கள் பிழையான சாமானைத் திருத்தியிருக்கிறியள் எண்டு?"

டொக்டர் சொன்னது சரிதான். நோய்க்கு ஒரு நாள்கூடக் கூடியோ குறைந்தோ இருக்காது. ஆனால் அம்மா ஒரு வருஷத்துக்கு மேல் அதைத் தனியே வைத்திருந்தார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், நான் பக்கத்தில் படுத்திருக்க. நான் பூட்டிக் கொடுத்தது அந்தத் தனிமையை மூடிவைக்க நல்ல மூடியாய் அமைந்தது. அதற்கு எந்த டொக்டரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு முறை கேவலாருக்குப் போனோம், சில்லு நாற்காலியோடு. அந்தமுறை முன்காலை நான் இறக்கினேன். அம்மா கரவன் வாசலில் இருந்து என்னைப் பார்த்தபடி வாய் அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. அடுத்த வருஷம் சித்திரையில் அம்மா போய்விட்டார்.

ஆவணி வந்தபோது போவதா விடுவதா என்று தெரியாமல், கரவனையாவது துடைப்போம் என்று உங்களைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனேன். மூத்தவள் உள்ளே திரைச்சீலை கழற்றிக்கொண்டிருந்தாள். நான் இளையவளிடம் கரவனின் மூக்கைச் சற்று உயர்த்தச் சொன்னேன். அவள் போய், காஸ் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, தலையைச் சரித்து, முழங்கையை உள்ளே விட்டு அமத்தினாள்.

"ஏன் பிள்ளை முழங்கையாலை அமத்திறாய்?"

"அம்மா இப்பிடித்தானே அமத்திறவ" என்றாள். "இதை இப்பிடித்தான் அமத்தோணும் எண்டு நினைச்சன்."

"எப்பவும் இப்பிடித்தானோ?"

"ஓம். கையை மடக்கிக்கொண்டு. கல்லுக் குத்துதெண்டு ஒருநாள் என்ர தொப்பியைக் கீழை போட்டவ."

அவளுக்கு ஒன்பது வயது. அதில் அவளுக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. காரின் கண்ணாடியில் அம்மாவின் தலைமுடி தெரிந்து பிறகு தெரியாமல் போனதை நான் நினைத்தேன். குனிகிறார் என்றுதான் இருந்தேன். முழங்காலில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. பாவாடையில் இரண்டு வட்டமாய் மண் ஒட்டியிருந்ததைக் கண்டிருக்கிறேன். கோவிலில் முழந்தாள்படியிட்ட மண் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்களை வீட்டில் விட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை நான் தனியே அங்கே போனேன்.

முதலில் அவர் மாதிரி இருந்து பார்த்தேன். மண்டபத்துக்குப் பின்னால் நிலம் முழுக்கச் சரளைக்கல். முழங்காலை ஊன்றி, விரல்களை மடக்கி, முழங்கையைப் பெட்டிக்கு அடியில் கொண்டுபோக, முகம் காஸ் மூடியில் இடித்தது. கழுத்தைத் திருப்பினால்தான் முழங்கை பொத்தானுக்கு எட்டும். அமத்திப் பிடித்தேன். கால் முழுவதும் இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு எப்போதும் தெரியும், செய்தவன் நான்தானே. அந்த நேரம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிந்து எழும்பியபோது என் இரண்டு முழங்காலிலும் கல் பதிந்திருந்தது.

பற்றறி வயரைக் கழற்றினேன். பொத்தான் பெட்டியின் நான்கு ஆணியையும் எடுத்தேன். வயர் கட்டையாய் இருந்தது, அதற்கு இன்னொரு துண்டு சேர்த்து நீட்டினேன். எழுந்து நின்று, அம்மாவின் முழங்கை எந்த உயரத்தில் வரும் என்று யோசித்தேன். கோவிலில் என் பக்கத்தில் நிற்கும்போது அது என் விலாவின் கடைசி எலும்பில் படும். அந்த இடத்தைக் கரவனின் சுவரில் பென்சிலால் குறித்தேன். துளை போட்டுப் பெட்டியை அங்கே இறுக்கினேன். மழை படாமல் ஒரு தகரத் துண்டை வளைத்து மேலே கூரையாக வைத்தேன். கீழே இருந்த பழைய நான்கு துளையையும் பசை வைத்து அடைத்துத் துடைத்தேன்.

பற்றறியைத் திரும்பப் பூட்டி, நின்றபடியே முழங்கையால் அமத்தினேன். கரவன் எழும்பியது. கீழ்ப் பொத்தானை அமத்தினேன். இறங்கியது. சரியான உயரம்தான்.